எம்.எஸ்சி. வேதியியல் முடித்தவருக்குத் தடய அறிவியல் ஆய்வகத்தில் இடம் உண்டா?

கேள்வி (விருதுநகர் தம்பி), 2025 பிப்ரவரி 6

அக்கா, எம்.எஸ்சி. வேதியியல் கடைசி செமஸ்டர். தடயவியல் வேதியியலில்தான் வேலை பார்க்கணும்னு ஆசை. விசாரிச்ச இடத்துல எல்லாம் "தடய அறிவியல்ல தனியா பட்டம் இல்லாம உள்ள நுழையவே முடியாது, இன்னும் ரெண்டு வருஷம் படி"ன்னு சொல்றாங்க. ஒரு தனியார் நிறுவனம் ஆறு மாசத்துல ஆன்லைன் டிப்ளமோ தர்றதா சொல்லுது. வீட்டுல பணத்துக்கு ஏற்பாடு பண்ணிட்டாங்க. கட்டிரலாமா?

பிப்ரவரி 6, இரவு

கட்டாதே.

மீதி நாளைக்கு. கண் எரிகிறது.

பிப்ரவரி 7

"நுழையவே முடியாது" என்று சொன்னவர்கள் ஆள் எடுக்கும் அறிவிக்கையை ஒருமுறையாவது திறந்து பார்த்திருப்பார்களா, தெரியவில்லை. ஆய்வகத்தில் வேதியியல், நச்சியல், போதைப்பொருள், மதுவிலக்கு, வெடிபொருள் என்று பிரிவுகள் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல வெறும் வேதியியல் படித்து வந்தவர்கள். நான் தடய அறிவியல் படிக்க எங்கேயும் போகவில்லை. எங்கள் ஊர் கல்லூரி, அப்புறம் மருந்துக் கம்பெனியில் க்யூசி (தரக் கட்டுப்பாடு), அப்புறம்தான் அரசு ஆய்வகம்.

நீ பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அறிவிக்கையில் கல்வித் தகுதி என்ற பத்தி. அதில் பட்டத்தின் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே உன் சான்றிதழில் இருக்கிறதா? "பயன்பாட்டு வேதியியல்", "பகுப்பாய்வு வேதியியல்", "தடயவியல் வேதியியல்" என்று கல்லூரிகள் ஆசையாகப் பெயர் வைத்துவிடுகின்றன. சேரும்போது கவர்ச்சியாகத்தான் இருக்கும். சான்றிதழ் சரிபார்ப்பில் "இது எம்.எஸ்சி. வேதியியலுக்குச் சமம் என்று அரசாணை இருக்கிறதா?" என்று கேட்பார்கள். சமானத் தகுதி அரசாணையைத் தேடி அலைந்தவர்களின் கதை டிஎன்பிஎஸ்சி எழுதிய எல்லோருக்கும் தெரியும். உன் பட்டம் சுத்தமான எம்.எஸ்சி. வேதியியல் என்றால் அதுவே பெரிய சொத்து.

ஆன்லைன் டிப்ளமோ எந்த அறிவிக்கையிலும் தகுதியாக நிற்பதை நான் பார்த்ததில்லை. என் தோழியின் தங்கை ஒரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) பணம் கட்டினாள். கைரேகைத் தூள் டப்பா ஒன்று கூரியரில் வந்தது. ஒரு பிரஷ்ஷும்.

பிப்ரவரி 7, கொஞ்சம் கழித்து

இன்னொன்று. தமிழ்நாட்டுத் தேர்வென்றால் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். வேதியியலில் புலியாக இருந்தும் அதில் சறுக்கியவர்கள் உண்டு. சிரிக்காதே.

பிப்ரவரி 9

ஞாயிறு. நேரம் இருக்கிறது. எந்தெந்தக் கதவு என்று கேட்டிருக்கிறாய்.

மாநில ஆய்வகம்: உள்துறையின் கீழ் தடய அறிவியல் துறை. தலைமை சென்னை மயிலாப்பூரில், காமராஜர் சாலையில். மதுரை, கோவை, திருநெல்வேலி, விழுப்புரம் என்று வட்டார ஆய்வகங்கள். இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி ஆள் எடுக்கிறது. ஆண்டுதோறும் வராது. எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதை மட்டுமே நம்பி வீட்டில் உட்காராதே.

மத்திய ஆய்வகங்கள்: ஐதராபாத், கொல்கத்தா, சண்டிகர், போபால், புனே, குவாஹாத்தி. தில்லியில் சிபிஐயின் ஆய்வகம் தனி. இங்கே "விஞ்ஞானி பி" பணிக்கு யுபிஎஸ்சி ஆள் எடுக்கும். அதற்கு அனுபவம் கேட்பார்கள். கீழ்நிலைப் பணிகள் சில எஸ்எஸ்சி வழியாக வரும்.

யாரும் கவனிக்காத கதவு ஒன்று: சுங்கத் துறை ஆய்வகம். தில்லியில் மத்திய வருவாய்க் கட்டுப்பாட்டு ஆய்வகம், அதன் கிளையாகச் சென்னை சுங்க இல்லத்தில் ஓர் ஆய்வகம். துறைமுகத்தில் இறங்கும் எண்ணெய், நூல், பிளாஸ்டிக் மணி, எல்லாம் அங்கே வரும். பிடிபட்ட போதைப்பொருளும் வரும். உதவி வேதியியல் பரிசோதகர் பதவிக்கு யுபிஎஸ்சி அறிவிக்கை விடுகிறது. "தடய" என்ற சொல் அந்தப் பதவியின் பெயரில் இல்லாததால் நம் பிள்ளைகள் கண்ணில் படுவதே இல்லை. அங்கே போட்ட கையெழுத்துக்கும் நீதிமன்றத்தில் அதே மதிப்புதான். அரசின் வேதியியல் பரிசோதகர் தரும் அறிக்கையை, அவரை நேரில் அழைக்காமலே சான்றாக ஏற்கலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293 ஆம் பிரிவு சொன்னது. அதற்குப் பதிலாக வந்த புதிய பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தில் அது 329.

உணவுப் பகுப்பாய்வாளர்: உணவுப் பாதுகாப்பு ஆணையம் நடத்தும் தேர்வு. கலப்படம், பூச்சிக்கொல்லி எச்சம். அடிப்படை வேலை ஏறக்குறைய இதேதான். உயிர் போன பிறகு பார்ப்பதற்குப் பதிலாக அதற்கு முன்னால் பார்க்கிறார்கள்.

இவை எல்லாம் வரும்வரை என்ன செய்வது? மருந்துக் கம்பெனி. க்யூசி லேப். இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஜிசி, எச்பிஎல்சி கருவிகளை (கலவையில் இருப்பதைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வரைபடத்தில் ஓர் உச்சியாகக் காட்டும் குரோமட்டோகிராப்கள்) ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட்டிக் கை பழகுவது அங்கேதான். எம்.எஸ்சி. செய்முறையில் ஜிசியைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்டுவார்கள், தெரியுமே. கம்பெனியில் உச்சி வர வேண்டிய நேரம் தப்பி வந்தால், காலத்தைச் சாப்பிட்டது எந்த மாதிரி என்று நீயே கண்டுபிடிக்க வேண்டும். எழுதியதை அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு அடித்துச் சுருக்கொப்பம் வைத்துத் தேதி போட வேண்டும் என்ற பழக்கமும் அங்கேயே வந்துவிடும். பின்னால் குறுக்கு விசாரணையில் என்னைக் காப்பாற்றியது பெரிய அறிவு எதுவும் இல்லை, அந்த ஒற்றைக் கோடுதான்.

பிப்ரவரி 10

"காலத்தைச் சாப்பிட்டது" என்றால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். குரோமட்டோகிராப் குழாயைக் காலம் (column) என்போம், நேரம் இல்லை. சேறும் சகதியுமான மாதிரியை நேராக ஏற்றினால் செத்துப்போகும். புதிதாக வாங்கக் கோப்பு நகர வேண்டும். கோப்பு நகரும் வேகம் பற்றி இங்கே பேச வேண்டாம், ரத்த அழுத்தம்.

பிப்ரவரி 13

தம்பி கேட்டது: "ஒரு நாள் எப்படி இருக்கும் அக்கா? தொடரில் வருவது மாதிரி இருக்குமா?"

காலையில் வரவேற்புப் பிரிவில் போலீஸ்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். காடாத் துணியில் தைத்து அரக்கு முத்திரை வைத்த பொட்டலம் மடியில். இரவு பஸ்ஸில் வந்திருப்பார், பொட்டலத்தை இறக்கி வைக்காமலே டீ குடித்திருப்பார். பொருள் முதலில் படிவம் 95 உடன் (கைப்பற்றிய பொருளை நீதிமன்றத்தில் ஒப்படைக்கும் படிவம்) நீதிமன்றத்துக்குப் போகும். அங்கிருந்து நடுவரின் கடிதத்தோடு எங்களிடம் வரும். நாங்கள் முதலில் பார்ப்பது முத்திரை. கடிதத்தில் இருக்கும் மாதிரி முத்திரையும் பொட்டலத்தில் இருப்பதும் ஒன்றா? அரக்கு உடைந்திருக்கிறதா? எண்ணிக்கை சரியா? ஐந்து பாட்டில் என்று எழுதி நான்கு வந்தால் அந்தக் காவலருக்கு அன்றைக்கு ஊர் திரும்பும் யோகம் இல்லை.

நான் அதிகம் இருந்தது நச்சியல் பிரிவு. பிரேதப் பரிசோதனையில் எடுத்த உள்ளுறுப்புகள், அதாவது இரைப்பையும் அதில் இருந்ததும், குடல் பகுதி, கல்லீரல், சிறுநீரகம், கண்ணாடிப் பாட்டில்களில் செறிந்த உப்புக் கரைசலில் வரும். அந்த உப்புக் கரைசலின் மாதிரி ஒன்றும் தனியாக வர வேண்டும். இல்லாவிட்டால் "நஞ்சு உப்பிலேயே இருந்திருக்கலாமே" என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும்.

பிரித்தெடுக்கும் முறைக்கு ஸ்டாஸ்–ஓட்டோ என்று பெயர். 1850 இல் பெல்ஜியத்தில் ஒரு பிரபு தன் மைத்துனரை நிக்கோட்டின் கொடுத்துக் கொன்ற வழக்கில் ஸ்டாஸ் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது. அதுவரை தாவர நஞ்சை உடலுக்குள்ளிருந்து பிரித்துக் காட்டியவர் யாரும் இல்லை. அமிலமாக்கி ஒருமுறை, காரமாக்கி ஒருமுறை ஈதரில் குலுக்குவது. உன் இரண்டாம் செமஸ்டர் செய்முறையில் கலவையைப் பிரித்தாயே, அதன் பெரியண்ணன். என்ன, இங்கே கலவை கல்லீரல்.

நம் பக்கத்து நஞ்சுகள் எந்த வெளிநாட்டுப் பாடநூலிலும் சரியாக இருக்காது. அரளி விதை, ஒடுவன்தழை. கொங்குப் பக்கம் சாணிப்பவுடர். வாசல் தெளிக்கச் சாணிக்குப் பதில் தண்ணீரில் கரைக்கிற பொடி. மஞ்சள் ஆரமைன் ஓ, பச்சை மாலக்கைட் கிரீன். மஞ்சள் பவுடர் வழக்கு வந்தால் பாட்டிலைப் பார்த்தவுடன் பாதி தெரிந்துவிடும். உப்புக் கரைசலே பளீரென்று மஞ்சளாக இருக்கும். கையுறை, பிப்பெட், மேசையில் விழுந்த ஒரு சொட்டு, எல்லாம் மஞ்சள். ஆனால் "பார்த்தாலே தெரிகிறது" என்று அறிக்கை எழுத முடியாது. டிஎல்சி தகட்டில் (கலவையைப் பிரித்துக் காட்டும் மெல்லிய பூச்சுத் தகடு) வந்த மாதிரிக்குப் பக்கத்தில் ஆரமைன்தான் என்று உறுதியான ஒன்றையும் ஓடவிட்டு, இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்து, இன்னொரு முறையாலும் உறுதி செய்த பிறகுதான் பேனாவைத் திறக்கலாம். கோவைக்குப் புதிதாக மாற்றலாகி வந்த வடமாவட்ட அலுவலர் ஒருவர் "இது என்ன பெயின்ட் தொழிற்சாலை விபத்தா?" என்று கேட்டார்.

பிப்ரவரி 13, பின்குறிப்பு

வாடை. எல்லோரும் கேட்பது. உண்டு. பியூம் ஹூட் (ஆவியை வெளியே இழுக்கும் கூண்டு) வேலை செய்தால் குறைவு. வேலை செய்தால்.

பிப்ரவரி 15

வக்கீல் சார் ஒருவர் வந்து சேர்ந்துகொண்டார், நல்லது. அவர் கேட்கிறார்: "நஞ்சு ஏதும் கண்டறியப்படவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு எங்கள் வழக்கையே கவிழ்க்கிறீர்களே, ஏன்?"

சார், அந்த வரிக்கு "நஞ்சு கொடுக்கப்படவில்லை" என்று அர்த்தம் இல்லை. தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் வைத்து, குடலைக் கழுவி, ஒரு வாரம் சிகிச்சை கொடுத்த பிறகு இறந்தவரின் உடலில் நஞ்சு உடைந்து வெளியேறியிருக்கும். சில தாவர நஞ்சுகளின் அளவு நம் கருவி பிடிக்கும் எல்லைக்குக் கீழே இருக்கும். புதைத்துத் தோண்டியதென்றால் இன்னும் மோசம். தலைகீழாகவும் நடக்கும். அழுகிய உடலில் நுண்ணுயிரிகளே சாராயத்தை உண்டாக்கிவிடும். குடிக்காதவர் குடித்தவராகத் தெரிவார். அதனால்தான் ரத்தத்தைச் சோடியம் புளோரைடு போட்டு அனுப்பச் சொல்கிறோம். எத்தனை பேர் அப்படி அனுப்புகிறார்கள் என்று கேட்காதீர்கள்.

தம்பி, இதை நீ குறித்துக்கொள். இந்த வேலையில் கடினமான பகுதி கண்டுபிடிப்பது அல்ல. கண்டுபிடிக்காதபோது என்ன எழுதுவது, கண்டுபிடித்தபோது எவ்வளவு மட்டும் எழுதுவது, அங்கேதான் எல்லாம் இருக்கிறது. புலனாய்வு அதிகாரி போன் செய்து "மேடம், குருணைப் பூச்சிமருந்துதான்னு எங்களுக்கே தெரியும்" என்பார். தெரிந்தால் எனக்கு ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்கக் கூடாது. "அறிக்கை நீதிமன்றத்துக்கு வரும் சார்" என்று சொல்லி வைத்துவிட வேண்டும்.

பிப்ரவரி 16

கஞ்சா பற்றி ஓர் உதாரணம் சொன்னால் "எவ்வளவு எழுதுவது" என்பது புரியும்.

இலைத்தூளை நுண்ணோக்கியில் வைத்தால் கரடி நகம் மாதிரி வளைந்த குட்டை முடிகள் தெரியும். அதன் அடியில் கால்சியம் கார்பனேட் உருண்டை. கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால், அது உள்ளே ஊறிப்போகப் போக அந்த முடிகளின் அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழ்கள் ஏறும். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். அப்புறம் டுகெனாய் சோதனை, ஊதா நிறம், டிஎல்சி, ஜிசி–எம்எஸ் (ஜிசி பிரித்ததை மூலக்கூறு எடையை வைத்து அடையாளம் காட்டும் கருவி). "கஞ்சா உள்ளது" என்று எழுதலாமா?

கூடாது. போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா என்பது பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகள். நுனியோடு சேர்ந்து வராத வெறும் இலையும் விதையும் கஞ்சா ஆகாது. வந்த மாதிரியில் நுனி இருந்ததா என்று அறிக்கையில் இல்லையென்றால், ஜிசி–எம்எஸ் எத்தனை அழகான உச்சி காட்டினாலும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அன்றைக்குத் தீபாவளி. பல்கலைக்கழகம் மூலக்கூறைச் சொல்லித்தரும். சட்டம் கேட்பது செடியின் எந்தப் பகுதி என்று.

பிப்ரவரி 16, மாலை

வக்கீல் சார் ஹெராயினையும் சேர்க்கச் சொல்கிறார். சரி. 5 கிராம் வரை சிறு அளவு, 250 கிராமுக்கு மேல் வணிக அளவு, வணிக அளவென்றால் குறைந்தது பத்து ஆண்டு. 300 கிராம் பொடி பிடிபடுகிறது, அதில் ஹெராயின் நூற்றுக்கு ஐந்து, மீதி என்னவோ வெள்ளைப் பொடி. சுத்தக் கணக்குப் போட்டால் 15 கிராம். மொத்தக் கணக்குப் போட்டால் வணிக அளவு. சுத்த அளவைத்தான் எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008 இல் மைக்கேல் ராஜ் வழக்கில் சொன்னது. 2020 இல் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கலவை முழுவதும் கணக்கு என்றது.

பிப்ரவரி 17

வக்கீல் சாரின் திருத்தம், அப்படியே போடுகிறேன்: மத்திய அரசு 2009 இலேயே அறிவிக்கை மூலம் "கலவை முழுவதும்" என்று மாற்றிவிட்டது, ஹீரா சிங் தீர்ப்பு அதைச் செல்லும் என்றது. ஆமாம். எனக்கு நீதிமன்றம் நினைவில் நின்றது, அவருக்கு அரசிதழ் நினைவில் நிற்கிறது. அவரவர் பிழைப்பு.

பிப்ரவரி 23

முதல் நாள் நான் எழுதியதைப் படித்துவிட்டு காந்திநகரில் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் படித்த பெண் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். தடய அறிவியல் பட்டத்தை நான் குப்பை என்று சொன்னதாக. அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னதில் சத்து இருப்பதால் என் பேச்சைக் கொஞ்சம் தளர்த்துகிறேன்.

அந்தப் பல்கலைக்கழகம் 2009 இல் குஜராத் மாநிலப் பல்கலையாகத் தொடங்கியது, 2020 சட்டத்தால் தேசிய நிறுவனமானது. அங்கே படிப்பவர்களுக்கு முதல் நாளிலிருந்தே முத்திரை, சான்றுச் சங்கிலி (சான்று யார் யார் கை மாறியது என்ற பதிவு), போலி நீதிமன்றப் பயிற்சி எல்லாம் உண்டு. நாங்கள் அதையெல்லாம் வேலைக்கு வந்து, கூண்டில் நின்று, வியர்த்துத்தான் கற்றோம். அவர்கள் நடத்தும் ஃபாக்ட் என்ற தகுதித் தேர்வும் இருக்கிறது. யுஜிசி நெட்டிலும் தடய அறிவியல் தனிப்பாடமாக உண்டு, கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறவர்களுக்கு அது உதவும். ஆகவே: அரசுப் பல்கலையில், ஆய்வக வசதியோடு, உன் வீட்டால் தாங்க முடிகிற கட்டணத்தில் என்றால் அந்தப் பட்டம் வீண் இல்லை.

ஆனாலும் எம்.எஸ்சி. வேதியியலைக் கையில் வைத்திருப்பவன் அதை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதில் நான் அசையவில்லை. தடய அறிவியல் பட்டம் மட்டும் வைத்திருப்பவருக்கு, அரசு வேலை கிடைக்காவிட்டால் வெளியே கதவுகள் குறைவு. வேதியியல் வைத்திருப்பவரை மருந்து, உணவு, பெயின்ட், தண்ணீர் என்று நாலு பேர் கூப்பிடுவார்கள். பி.எஸ்சி. இப்போதுதான் முடித்தவராக இருந்தால்? அப்போது கணக்கு வேறு. அவருக்கு என் பதில் "கட்டாதே" இல்லை, "யோசி".

பிப்ரவரி 24

அந்தப் பெண் பதில் போட்டார்: "கைரேகைத் தூள் டப்பா எங்களுக்கும் தந்தார்கள், ஆனால் நல்ல பிரஷ்." சமாதானம்.

மார்ச் 2

எதிர்காலம் எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வேலைப்பளு கூடும், அதில் சந்தேகம் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் 176 ஆம் பிரிவின்படி ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும், சான்று திரட்டுவதைப் படம் பிடிக்க வேண்டும். மாநிலங்கள் ஐந்தாண்டுக்குள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர அவகாசம் இருக்கிறது. நிபுணர் வேண்டும் என்று சட்டம் எழுதியாயிற்று. நிபுணரை வேலைக்கு எடுக்கும் அறிவிக்கை அதே வேகத்தில் வருமா என்று உன் ஊர் பிள்ளையாரிடம் கேள்.

கள்ளக்குறிச்சியை நினைத்துப் பாருங்கள். 2024 ஜூன், கருணாபுரம், அறுபதுக்கு மேல் சாவு. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டு. இரண்டிலும் மெத்தனால். கருவியில் பார்த்தால் இதைப் போல எளிய வேலை இல்லை. சிறு பாட்டிலில் ஒரு சொட்டு மாதிரி, மூடி, சூடாக்கி, மேலே நிற்கும் ஆவியை மட்டும் ஜிசியில் இழுத்தால் போதும். மெத்தனால் முதலில் வரும், எத்தனால் அதற்குப் பின்னால். சில நிமிட வேலை. ஆனால் அந்தச் சில நிமிடத்துக்கு முன்னால் அத்தனை உடல், அத்தனை பாட்டில், அத்தனை முத்திரை, வெளியே கேமரா, மேலிடத்திலிருந்து போன். ஒவ்வொரு பாட்டிலுக்கும் அதே ஒழுங்கு. முப்பதாவது பாட்டிலில் "இதுவும் மெத்தனால்தான்" என்று ஓட்டாமலே எழுதிவிடக் கை வரும். வந்தால் வேலையை விட்டுவிட வேண்டும்.

மார்ச் 2, தொடர்ச்சி

ஏன் இவ்வளவு கடுமை என்று கேட்டவருக்கு: அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில ஆய்வகத்தில் ஆனி டூக்கன் என்ற வேதியியலாளர் இருந்தார். மற்றவர்களைவிடப் பல மடங்கு வேகமாக வேலை முடிப்பார், எல்லோரும் பாராட்டினார்கள். போதைப்பொருள் மாதிரிகளைச் சோதிக்காமலே கண்ணால் பார்த்து முடிவு எழுதியிருக்கிறார், சக ஊழியர்களின் சுருக்கொப்பத்தைப் போட்டிருக்கிறார், இல்லாத முதுகலைப் பட்டம் இருப்பதாக நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறார். 2012 இல் கைது, அடுத்த ஆண்டு சிறை. 2017 இல் இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் தள்ளுபடி. அவர் சிறைக்கு அனுப்பியவர்களில் குற்றவாளி எத்தனை, நிரபராதி எத்தனை என்று பிரிக்க முடியவில்லை, அதுதான் கொடுமை. அவர் வேகத்தைப் பாராட்டிய மேலதிகாரிகளைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள்.

மார்ச் 4

பெரியவர் ஒருவர் "நம்ம சந்திரசேகரன் சாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே" என்று குறைபட்டிருக்கிறார். நியாயம். 1991 இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூரில் சிதறிக் கிடந்த துணி, கம்பி, இரும்புக் குண்டுகளிலிருந்து இடைக்கச்சை வெடிகுண்டை மறுபடி கட்டிக் காட்டியவர் பி. சந்திரசேகரன், அப்போது மாநிலத் துறையின் இயக்குநர். அந்தத் துறையின் வேர் 1849 வரை போகிறது. இந்தியாவில் முதல் வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் வந்தது மதராசில்தான், கல்கத்தாவுக்கு முன்னால்.

ஆனால் தம்பி, அப்படி ஒரு வழக்கு உன் பணிக்காலத்தில் வராது என்றே வைத்துக்கொள். உனக்கு வரப்போவது லஞ்ச வழக்குப் பாட்டில். லஞ்சம் வாங்குபவரைப் பிடிக்கப் பினாப்தலீன் தடவிய நோட்டு, வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் இளஞ்சிவப்பு, அதைப் பாட்டிலில் அடைத்து முத்திரை. பதினொன்றாம் வகுப்பு டைட்ரேஷன். பாட்டில் நம்மிடம் வரும்போது சில சமயம் நிறமே இருக்காது, வெளுத்துப்போயிருக்கும். கொஞ்சம் காரம் சேர்த்தால் திரும்ப எழுந்து நிற்கும். நின்றதும் அதை டிஎல்சியில் பினாப்தலீன்தான் என்று உறுதி செய்து, கார்பனேட்டையும் தனியாகச் சோதித்து எழுத வேண்டும். "வெளுத்த கரைசலை நீங்களே சிவப்பாக்கினீர்களா?" என்று கேட்பார்கள். ஆமாம், இப்படித்தான் ஆக்கினேன், இன்ன காரணத்தால் என்று சொல்லத் தெரிந்தால் போதும். தடுமாறினால் போயிற்று.

மார்ச் 5

"பெண்களுக்கு இந்த வேலை சரிப்படுமா, அம்மா பயப்படுகிறார்" என்று ஒரு தங்கை. நாங்கள் இருக்கிறோமே. அம்மாவிடம் உள்ளுறுப்பு பற்றிச் சொல்லாதே, மீதியைச் சொல். பிணத்தைவிட பென்சீனுக்குப் பயப்படு. கர்ப்பமாக இருக்கும்போது கரைப்பான் வேலையிலிருந்து மாற்றிக் கொடுக்கச் சொல்லி எழுத்தில் கேள், வாய்ப்பேச்சில் கேட்காதே.

மார்ச் 9

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தங்கச்சி: "எங்கட பக்கம் எப்படி அக்கா?" அங்கே பத்தரமுல்லை பெலவத்தையில் அரச பகுப்பாய்வாளர் திணைக்களம். நச்சு, போதைப்பொருள், உணவு, எல்லாம் ஒரே கூரையின் கீழ். வேதியியல் சிறப்புப் பட்டம் அல்லது ராஜகிரியவில் இருக்கும் வேதியியல் நிறுவகத்தின் பட்டம் வைத்திருப்பவர்கள் முயற்சி செய்கிற இடம். வேலையில் ஒரு பெரிய வித்தியாசம்: ஹெராயின் வழக்கில் அங்கே நீதிமன்றம் கேட்பது சுத்த அளவு. இரண்டு கிராம் தாண்டினால் தண்டனை மரணமோ ஆயுளோ. அதனால் பகுப்பாய்வாளர் "இருக்கிறது" என்று சொல்லிவிட்டு எழுந்து போக முடியாது, எத்தனை கிராம் என்று அளந்தாக வேண்டும். இரண்டை ஒட்டி வரும் மாதிரியில் அளவீட்டின் நிச்சயமின்மை எவ்வளவு என்பது ஒருவரின் உயிர். பகுப்பாய்வு வேதியியலில் புள்ளியியல் பாடத்தைத் தூங்கிக்கொண்டு கேட்டவர்கள் இப்போது எழுந்து உட்காரவும்.

மார்ச் 16

தம்பி திரும்ப வந்திருக்கிறான். டிப்ளமோவுக்குப் பணம் கட்டவில்லையாம். ஐதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனி க்யூசிக்கு அழைத்திருக்கிறது, இரவு ஷிஃப்ட் உண்டு, சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, போகலாமா என்கிறான்.

போ. சேருவதற்கு முன்னால் ஒரு கேள்வி மட்டும் கேள்: எந்தப் பிரிவில் போடுவீர்கள்? ஈரப்பதமும் பிஎச்சும் பார்க்கிற மேசையில் இரண்டு வருஷம் உட்கார வைத்துவிடுவார்கள், அங்கே ஒன்றும் கற்க முடியாது. மாத்திரையில் மிச்சம் நிற்கும் கரைப்பானைப் பார்க்கிற பிரிவு கிடைத்தால் விடாதே. ஹெட்ஸ்பேஸ் ஜிசி, கள்ளக்குறிச்சிப் பாட்டிலுக்குச் சொன்னேனே, அதே முறை. மெத்தனாலுக்கு அங்கே வரம்பு 3000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3000 பங்கு). ஐதராபாத்திலேயே மத்திய தடய அறிவியல் ஆய்வகமும் இருக்கிறது, ராமந்தப்பூர் பக்கம். யுபிஎஸ்சி அறிவிக்கைக்கு அனுபவச் சான்று கேட்பார்கள் என்பதால், சேர்ந்த நாளிலிருந்து நீ ஓட்டிய கருவிகளின் பெயரும் வேலையின் தன்மையும் தலைப்புத்தாளில் வரும்படி மனிதவளத் துறையிடம் வாங்கி வை. விலகும்போது கேட்டால் "சிறப்பாகப் பணியாற்றினார்" என்று ஒரு வரி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.